விருந்தாளி விமானி!

குட்டீஸ், கூட்டமாக சைக்கிளில் போகும்போது, சொல்லாமல் கொள்ளாமல் வேறு தெருவில் திரும்பி விடும் நண்பன் யாராவது உங்களுக்கு உண்டா? யோசெப் பிரான்டிஷெக் அப்படிப்பட்டவர். ஆனால், அவர் ஓட்டியது போர் விமானம்!

இன்றைய செக் குடியரசில் உள்ள ஒரு கிராமத்தில், 1914 அக்டோபர் 7ல் பிறந்தார். அப்பா தச்சர். மகன் பூட்டு செய்யும் தொழில் கற்றார். பிறகு, செக்கோஸ்லோவாகியா விமானப் படையில் சேர்ந்தார். திறமைசாலிதான், ஆனால், ஒழுங்கு மீறியதற்காக அடிக்கடி தண்டனையும் வாங்கினார்.

1939 மார்ச்சில், ஹிட்லரின் படை அந்தச் சின்ன நாட்டுக்குள் புகுந்தது. யோசெப் எல்லை தாண்டி போலந்துக்குப் போய், அந்நாட்டு விமானப் படையில் சேர்ந்தார். செப்டம்பரில் போலந்து மீதும் ஜெர்மனி பாய்ந்தது. யோசெப் ஓட்டிய சின்ன விமானத்தில் துப்பாக்கியே இல்லை. அதற்காகச் சும்மா இருப்பாரா? கையெறி குண்டுகளை எடுத்துப் போய், ஜெர்மன் படை வரிசை மீது வீசினார்!

போலந்தும் விழுந்தது. ருமேனியாவுக்குத் தப்பினார். அங்கே காவலில் வைத்தனர். அங்கிருந்தும் தப்பி, கப்பலேறி பிரான்ஸ் போனார். 1940 ஜூனில் பிரான்சும் விழ, பிரிட்டன் சென்றார். பாவம், போன நாட்டிலெல்லாம் போர் அவரைத் துரத்தியது.

பிரிட்டன் வானில் நடந்த போரில், செக்கோஸ்லோவாகிய விமானிகள் சுமார் 90 பேர் பறந்தனர். அவர்களுக்குத் தனிப் படைப்பிரிவுகள் இருந்தன. யோசெப் மட்டும், போலந்து நண்பர்களின் 303வது பிரிவில் சேர்ந்தார். லண்டன் அருகே நார்த்ஹோல்ட் தளத்தில், ஹரிகேன் விமானம் கிடைத்தது.

அங்கேதான் சிக்கல் வந்தது. போர் விமானங்கள் அணியாகப் பறக்கும். ஏன் தெரியுமா? எதிரி பின்னால் வந்தால், பக்கத்தில் பறப்பவர்தான் பார்த்துக் காப்பாற்ற வேண்டும். ஒருவர் விலகினால் எல்லாருக்கும் ஆபத்து. யோசெப்போ, நடுவானில் அணியை விட்டு நழுவி, தனியாக வேட்டைக்குப் போய் விடுவார். எச்சரித்தும் பலனில்லை.

தளபதிகள் என்ன செய்வர்? துரத்தினால் நல்ல விமானியை இழக்க வேண்டும். விட்டால் மற்றவர் உயிருக்கு ஆபத்து. கடைசியில் அவரை, பிரிவின் விருந்தாளி ஆக்கினர். அணியில் இடம் கிடையாது. தனியாக, இஷ்டம் போல் பறக்கலாம். நல்ல யோசனை இல்லையா?

1940 செப்டம்பர் 2 முதல் 30 வரை, ஒரே மாதத்தில் அவர் கணக்கில் 17 ஜெர்மன் விமானங்கள்! அந்த வானப் போரில், இந்த அளவு வீழ்த்தியவர்கள் மிகச் சிலரே.

அக்டோபர் 7ல் அவருக்கு, 26 வயது முடிந்தது. மறுநாள், ரோந்து முடிந்து திரும்பும் வழியில், லண்டனுக்குத் தெற்கே யூவெல் என்ற ஊரில் அவரது விமானம் விழுந்து நொறுங்கியது. காரணம் இன்று வரை புரியவில்லை. தனியாகப் பறந்ததால், பார்த்துச் சொல்ல பக்கத்தில் யாரும் இல்லை.

நார்த்வுட் கல்லறைத் தோட்டத்தில், போலந்து விமானிகளோடு அவரையும் புதைத்தனர். அவரது நாடு விடுதலை பெற்றது, 1945ல்தான்.