அரங்கம் அமைத்த மருத்துவர்

பிறர் துயர் கண்டு இரங்குவோர் பலர். அத்துயரைத் துடைப்பதற்குத் தம் வாழ்நாளையே செலவிடுவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் மருத்துவர் லுட்விக் குட்மான். இவர் 1899ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டின் சைலீசியாப் பகுதியில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார்.

இளைஞராய் இருந்தபோது இவர் ஒரு மருத்துவமனையில் தொண்டு செய்தார். அங்கே முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கண்டார். உடல் வலிமை மிக்க அம்மனிதரை மருத்துவர்கள் பிழையார் எனக் கைவிட்டனர். அவரும் சில வாரங்களில் இறந்தார். அக்காட்சி குட்மானின் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

பின்னர் இவர் மருத்துவம் பயின்று, நரம்பு அறுவையில் தேர்ச்சி பெற்றார். 1933இல் ஜெர்மனியில் இட்லரின் ஆட்சி தோன்றியது. யூத மருத்துவர்கள் பொது மருத்துவமனைகளினின்று நீக்கப்பட்டனர். கொடுமைகள் பெருகவே, 1939இல் குட்மான் மனைவி மக்களுடன் இங்கிலாந்தை அடைந்தார்.

1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், போரில் தண்டுவடம் சிதைந்த வீரர்களுக்கென ஒரு பிரிவு தொடங்கப்பெற்றது. அதன் தலைமை குட்மானிடம் ஒப்படைக்கப்பட்டது. படுக்கைப் புண்ணே நோயாளரைக் கொல்லும் பகை என்பதை அறிந்த அவர், இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை அவர்களைத் திருப்பிப் படுக்கச் செய்தார். உயிர் காத்தால் மட்டும் போதாது, ஊக்கமும் பிறத்தல் வேண்டும் எனக் கருதி விளையாட்டையே மருந்தாக்கினார்.

1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கியது. அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் இம்மருத்துவமனைத் திடலில் விற்போட்டி நிகழ்த்தினர். அச்சிறு போட்டி வளர்ந்து, 1960இல் உரோம் நகரில் 23 நாட்டினர் கூடிய பெருவிழாவாயிற்று. ஆனால், அங்கே வீரர்கள் தங்கிய இல்லங்களுக்குப் படியேறியே செல்ல வேண்டியிருந்தது. போர்வீரர்கள் அவர்களைத் தூக்கிச் சென்றனர். களத்தில் எவர் துணையுமின்றி வென்றவர், தம் அறையை அடையப் பிறர் கையை நாடினர். குறை அவர்தம் கால்களில் மட்டும் இல்லை, கட்டடத்திலும் இருந்தது.

உடற்குறையுற்றோர்க்கெனவே ஓர் அரங்கம் அமைக்கக் குட்மான் முயன்றார். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார். 1969இல் ஸ்டோக் மாண்டவிலில் அவ்வரங்கத்தை இங்கிலாந்து அரசியார் திறந்து வைத்தார். உள்விளையாட்டுக் கூடமும் நீச்சற்குளமும் அதில் அமைந்தன. கட்டி முடித்த பின்னர்ச் சாய்தளம் ஒன்றைச் சேர்ப்பது வேறு. சக்கர நாற்காலியில் வருவோரைத் தொடக்கத்திலேயே எண்ணித் திட்டமிடுவது வேறு. இவ்வரங்கம் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

1980இல் குட்மான் மறைந்தார். 1984இல் அமெரிக்காவில் நடத்த எண்ணிய சக்கர நாற்காலிப் போட்டிகள், சில திங்களே எஞ்சியிருந்த நிலையில் தடைப்பட்டன. அப்போது ஸ்டோக் மாண்டவில் அரங்கமே அவற்றை ஏற்று நடத்தியது. அதனை அமைத்தவர் இல்லையெனினும், அவர் திறந்த வாயில் எல்லார்க்கும் திறந்தே இருந்தது.