இழுப்பு நோயாளிச் சிறுவன் வளர்த்த உடல்



1860-களில் நியூயார்க் நகரத் தெருக்களில், ஊர் உறங்கும் நேரத்தில் ஒரு குதிரை வண்டி விரைந்து ஓடுவதுண்டு. வண்டியில் ஒரு தந்தை. அவர் கைகளில், மூச்சுவிட முடியாமல் திணறும் சின்னஞ்சிறு மகன். குளிர்ந்த காற்று முகத்தில் மோதினால் நெஞ்சு திறக்கும் என்பது அந்தத் தந்தையின் நம்பிக்கை. ஆஸ்துமாவுக்கு அன்று நல்ல மருந்து கிடையாது. கடுங்காப்பி கொடுத்தார்கள், சுருட்டுப் புகைக்கக்கூட வைத்தார்கள் என்றால் இன்று நமக்குத் திகைப்பாக இருக்கிறது. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் அமெரிக்காவின் 26-ஆவது அரசுத்தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட்.

ரூஸ்வெல்ட் என்றதும் நம்மில் பலருக்குச் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த தலைவர்தான் நினைவுக்கு வருவார். அவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இவருக்குத் தூரத்து உறவினர். அவரிடம் பிறகு வருவோம்.

1858 அக்டோபர் 27 அன்று பிறந்த தியோடருக்குப் பதினொன்று பன்னிரண்டு வயதானபோது, தந்தை அவரை அழைத்துப் பேசினார். உனக்கு நல்ல அறிவு இருக்கிறது, ஆனால் உடல் துணைக்கு வராவிட்டால் அறிவு வெகுதூரம் போகாது, ஆகவே உடலை நீதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். வீட்டு மாடியிலேயே ஓர் உடற்பயிற்சிக் கூடம் அமைந்தது. ஒல்லியான மகன் கம்பிகளில் தொங்கினான், எடைகளைத் தூக்கினான். மாதங்கள் போயும் பெரிய மாற்றம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. 1872-இல் மேய்ன் மாநிலத்திற்குப் போகும் வழியில் இரண்டு பையன்கள் அவனைச் சீண்டினார்கள். திருப்பித் தாக்க முயன்றும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த அவமானம்தான் அவனைக் குத்துச்சண்டை கற்க அனுப்பியது.

வீட்டுக்குள்ளேயே பயிற்சிக் கூடமும், நள்ளிரவில் பூட்டத் தயாராக வண்டியும் குதிரையும் வைத்திருக்க எல்லாத் தந்தையராலும் முடியாது. அதே நகரத்தின் நெரிசலான குடியிருப்புகளில் இருமிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தியோடரின் தந்தை அதை அறியாதவர் அல்லர். செய்தித்தாள் விற்கும் ஏழைச் சிறுவர்களின் தங்கும் விடுதிக்காக உழைத்தவர் அவர். மூத்த மகள் ஆனாவுக்கு முதுகெலும்பில் நோய் இருந்ததால், எலும்பு நோயுள்ள ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு மருத்துவமனை உருவாகவும் துணைநின்றார். ஆனாவின் முதுகை எந்தப் பயிற்சியும் நேராக்கவில்லை. ஆனாலும் பிற்காலத்தில் அந்தக் குடும்பமே சாய்ந்துகொண்ட தூண் அவர்தான்.

தம்பி எலியட் இதற்கு நேர்மாறு. சிறுவயதில் அண்ணனைவிட உயரமும் பலமும் உள்ளவர், விளையாட்டில் வல்லவர். அண்ணனுக்கே அவர்தான் பாதுகாப்பு. மதுப்பழக்கம் அவரை 1894-இல், 34 வயதிலேயே சாய்த்துவிட்டது. தந்தையும் திடமான மனிதர்தான். அவரை 1878-இல் புற்றுநோய் கொண்டுபோனபோது வயது 46. தியோடர் அப்போது ஹார்வர்டில் மாணவர்.

1880-இல் கல்லூரி மருத்துவர் அவரைச் சோதித்து, இதயம் பலவீனமாக இருக்கிறது, மாடிப்படிகூட வேகமாக ஏற வேண்டாம் என்று எச்சரித்தார். மறு ஆண்டே அவர் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மேட்டர்ஹார்ன் சிகரத்தின் மேல் நின்றார். இது வீரமா, வீம்பா என்று நாம் கேட்கலாம். இரண்டும் கலந்திருந்தன என்றே தோன்றுகிறது. ஆஸ்துமாவும் அவரை முற்றிலும் விட்டுவிடவில்லை. இளமையிலும் அவ்வப்போது எட்டிப் பார்த்தது.

1884 பிப்ரவரி 14 அன்று, ஒரே வீட்டில், சில மணிநேர இடைவெளியில், அவருடைய தாயும் மனைவியும் இறந்தார்கள். தாய்க்கு டைபாய்டு காய்ச்சல், மனைவிக்குச் சிறுநீரக நோய். பிறந்து இரண்டு நாளான பெண்குழந்தை தொட்டிலில். பதினான்கு ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த தோள்கள் அந்த நாளில் எதையும் தடுக்கவில்லை. குழந்தையை அக்கா ஆனாவிடம் ஒப்படைத்துவிட்டு, டகோட்டா புல்வெளிகளுக்குப் போய் மாடு மேய்ப்பவர்களோடு மாடு மேய்த்தார். பகலெல்லாம் குதிரை மேல் இருந்து, இரவில் சோர்ந்து விழுந்து தூங்கும் வாழ்க்கை. துக்கத்தைச் சுமக்க உடலுழைப்பு ஓரளவு உதவும் என்பதை, கணவரை அடக்கம் செய்த மறுவாரமே வயலில் இறங்கும் நம் பங்குத் தாய்மார்கள் நன்றாக அறிவார்கள். அங்கிருந்து அவர் திரும்பியபோது நெஞ்சு அகன்றிருந்தது.

1901-இல் மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்டதும் 42 வயதில் அரசுத்தலைவரானார். அந்த அசுர உழைப்புக்கு உடல் ஈடுகொடுத்தது. ஏறத்தாழ 23 கோடி ஏக்கர் காடும் நிலமும் அவர் காலத்தில் பாதுகாக்கப்பட்டன. வெள்ளை மாளிகையிலும் குத்துச்சண்டையை விடவில்லை. ஒருநாள் இளம் அதிகாரி ஒருவர் விட்ட குத்தில் இடக்கண்ணின் பார்வை பழுதடைந்து, பின்னர் அறவே போயிற்று. அடித்தவர் மனம் நோகக்கூடாது என்று அதை வெகுகாலம் வெளியே சொல்லாதிருந்தது அவருடைய பெருந்தன்மை.

1912 அக்டோபர் 14 அன்று மில்வாக்கி நகரில் ஒருவன் அவரை நெஞ்சில் சுட்டான். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த 50 பக்க உரையும் எஃகுக் கண்ணாடிக்கூடும் குண்டின் வேகத்தைத் தணித்தன. குண்டு உடலுக்குள் இருக்கவே, ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம் பேசிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார். உறுதியான உடல் என்று எல்லாரும் வியந்தார்கள். நியாயம்தான். ஆனால் சிறுவயது முதல் கிட்டப்பார்வை என்ற குறை இருந்ததால்தான் அந்தக் கண்ணாடிக்கூடு பையில் இருந்தது.

வலிமையைப் பற்றிய அவருடைய போதனையில் நமக்கு உடன்பாடில்லாத ஒரு பகுதி உண்டு. 1899-இல் சிகாகோவில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், கடினமான வாழ்வைப் போற்றியதோடு நிற்காமல், போருக்குத் தயங்குகிறவர்களை இகழவும் செய்தார். பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதும்போது உடற்பயிற்சியின் பயனை மறுக்கவில்லை, அதன் எல்லையையும் உடனே சுட்டுகிறார். ரூஸ்வெல்ட்டுக்கு அந்த எல்லை தெரிய வெகுநாள் ஆயிற்று.

1913-இன் இறுதியில், 55 வயதில், பிரேசில் காட்டுக்குள் புறப்பட்டார். இந்தத் தென் அமெரிக்கப் பயண யோசனையின் பின்னணியில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு: திருச்சிலுவை சபையைச் சேர்ந்த ஜான் சாம். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் அறிவியல் கற்பித்தவர், நல்ல அறிஞர். ஆனால் வழியில், பழங்குடி மக்கள் தம்மை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லட்டும் என்று கேட்டார்! அம்மக்களின் மாண்பைக் காத்துவந்த பிரேசில் தளபதி ரோண்டோன் இதற்கு உடன்படவில்லை. ரூஸ்வெல்ட் குருவானவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். குருவாகிய நாம் இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

1914 பிப்ரவரி 27 அன்று 'ஐய நதி' என்ற, யாரும் வரைபடத்தில் முழுமையாகக் குறித்திராத ஆற்றில் 22 பேர் இறங்கினார்கள். சிக்கிக்கொண்ட படகுகளை விடுவிக்கப் போனபோது ரூஸ்வெல்ட்டின் காலில் அடிபட்டது. 1902-இல் வண்டி விபத்தில் காயமடைந்து, சரியாக ஆறாதிருந்த அதே இடக்கால். புண்ணில் சீழ் வைத்தது, மலேரியாக் காய்ச்சல் ஏறியது. உணவு குறைந்துகொண்டே வந்தது. தாம் மற்றவர்களுக்குச் சுமை, தம்மை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். இப்படி ஒரு நிலை வந்தால் உயிரை முடித்துக்கொள்ள மார்பின் மருந்தும் அவரிடம் இருந்தது. மகன் கெர்மிட் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். உயிரோடோ பிணமாகவோ தந்தையைக் கொண்டுபோகாமல் மகன் விடமாட்டான் என்று புரிந்தது. பிணமாவது இன்னும் பெரிய சுமை. ஆகவே மகனுக்காகப் பிழைத்திருக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் அந்த ஆற்றங்கரையிலேயே காலைக் கீறிச் சீழை அகற்றினார். படகில் சாமான்களின் மேல் படுக்க வைத்து, வெயில் படாமல் துணி கட்டிக் கொண்டுபோனார்கள். ஏப்ரல் இறுதியில் கரைசேர்ந்தபோது ஏறத்தாழ 25 கிலோ எடை குறைந்திருந்தார். மூன்று பேர் காட்டிலிருந்து திரும்பவே இல்லை.

அதன்பின் பழைய பலம் வரவில்லை. 1917-இல் போருக்குப் போக அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. நான்கு மகன்கள் போனார்கள். 1918 ஜூலை 14 அன்று கடைக்குட்டி குவென்டின், 20 வயது விமானி, பிரான்சின் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டார். மார்பில் பாய்ந்த குண்டோடு மேடையில் நின்றவர் இந்தச் செய்தியிலிருந்து மீளவில்லை. 1919 ஜனவரி 6 அன்று அதிகாலை, உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. நுரையீரலில் இரத்தக் கட்டி என்றார்கள் மருத்துவர்கள். வயது 60.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1921-இல், 39 வயதான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் போலியோ தாக்கியது. மதுவால் மடிந்த எலியட்டின் மகள் எலினோர்தான் அவருடைய மனைவி. 1905-இல் அந்தத் திருமணத்தில் மணமகளைக் கைப்பிடித்து ஒப்படைத்தவர் பெரியப்பா தியோடரே. பிராங்க்ளினின் கால்களுக்கு மீண்டும் வலிமை வரவில்லை. 1933 மார்ச் மாதத்தில், கால்களில் எஃகுப் பட்டைகள் அணிந்து, தம் மகனின் கையைப் பற்றிக்கொண்டு மெல்ல நடந்து வந்து, அவர் அரசுத்தலைவராக உறுதிமொழி ஏற்றார். அமெரிக்க மக்கள் அவரை நான்கு முறை தேர்ந்தெடுத்தார்கள்.