கிருமிநூல் அறிஞர் ஹாப்கின்

கருங்கடற்கரையிலுள்ள ஒடெஸ்ஸா நகரில் 1860-ஆம் ஆண்டு யூதர் குடும்பமொன்றில் பிறந்தவர் வால்டெமர் ஹாப்கின். அவர் கற்றது விலங்குநூல். மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். பாரிசு நகரத்துப் பாஸ்டர் ஆய்வுநிலையத்தில் உழைத்து, வாந்திபேதிக்குத் தடுப்பு மருந்தொன்றைக் கண்டார். 1892-இல் அதனைத் தம் உடம்பிலேயே முதலிற் செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியாவுக்கு வந்து, பல்லாயிரவர்க்கு அம்மருந்தை ஊசிவழி அளித்தார்.

1896-இல் பம்பாயிற் பிளேக் என்னும் கொள்ளைநோய் புகுந்தது. எலியின் தெள்ளுப்பூச்சியே அதனைப் பரப்புகிறது என்பதை மருத்துவர்கள் அந்நாளில் அறியார். சாக்கடைகளைக் கழுவ வேண்டும் என்றனர் சிலர். நோயாளரைப் பிரித்து வைக்க வேண்டும் என்றனர் வேறு சிலர். அரசாங்கம் ஹாப்கினையும் அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையிலிருந்து இரவு பகலாக உழைத்த அவர், 1897 சனவரி 10-ஆம் நாள் புதிய மருந்தையும் தாமே முதலிற் குத்திக்கொண்டார்.

பின்னர் நேர்ந்தது ஒரு பேரிடர். இன்று பாக்கிஸ்தானிலுள்ள மல்கோவால் என்னும் சிற்றூரில், 1902 அக்டோபர் 30-ஆம் நாள், ஐந்து புட்டிகளிலிருந்து 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரே புட்டியின் மருந்தைப் பெற்ற 19 பேரும் இரணஜன்னி கண்டு மாண்டனர். ஏனைய 88 பேருக்கு யாதொரு தீங்கும் இல்லை. நீதிபதியொருவரும் மருத்துவர் இருவரும் அடங்கிய குழு ஆராய்ந்து, புட்டி பம்பாய்ச் சோதனைச்சாலையிலேயே மாசுபட்டிருத்தல் வேண்டும் என்று கருதியது. மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்க்கும் வழக்கத்தை ஹாப்கின் கைவிட்டிருந்தார். அதுவும் குற்றமாக எண்ணப்பட்டது. அவர் பதவி இழந்தார்.

ஆனால் வேறு அறிஞர் வேறு வகையாக நோக்கினர். பம்பாயிலேயே கிருமி புகுந்திருந்தால், இத்தனை நாளில் மருந்து துர்நாற்றம் வீசியிருக்குமே! திறந்தபொழுது அப்படி நாற்றம் ஏதும் இல்லை. அன்றியும், அடைப்பானை எடுக்கும் இடுக்கி உதவியாளரின் கையிலிருந்து தரையில் விழுந்தது. அதனைச் செவ்வையாகத் தூய்மை செய்யாமலே பயன்படுத்தினர். இலண்டன் லிஸ்டர் ஆய்வுநிலையமும், புட்டியைத் திறந்த இடத்திலேயே மாசு நேர்ந்திருக்கக்கூடும் என்று கருதியது. இக்கருத்துகளைத் தொடக்கத்திலேயே சேர்த்து எடைபோட்டிருந்தால் ஐந்தாண்டுத் துன்பம் இராது. மலேரியா கொசுவாற் பரவுவதை நிறுவிய ரொனால்டு ராஸ் முதலிய பதின்மர் 1907-இல் இலண்டன் செய்தித்தாளில் ஹாப்கினுக்காக வாதாடினர். அவ்வாண்டிறுதியில் அரசாங்கம் பழியை நீக்கிற்று.

ஹாப்கின் மீண்டும் இந்தியா வந்தார். எனினும் பம்பாய்த் தலைமை அவருக்கு மீளவில்லை. கல்கத்தாவிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றார். 1925-இல் பம்பாய்ச் சோதனைச்சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930-இல் சுவிட்சர்லாந்திலுள்ள லோசான் நகரில் அவர் காலமானார்.