கடலோடி வீட்டுப் பிள்ளை பீட்டர் வோகெ

மலருக்கு ஏதாவது எழுதித் தா எண்டு சங்கத்தில் கேட்டார்கள். கவிதை எழுத எனக்கு வராது. உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவன் நான். படிப்பு அத்தோடு நின்று விட்டது. எனவே அந்தப் பாடத்தில் வந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

விஞ்ஞானப் பிரிவில் படித்தவர்களுக்குத் திணிவுத் தாக்க விதி ஞாபகம் இருக்கும். பரீட்சைக்காகப் பாடமாக்கிய விதி. அதைக் கண்டுபிடித்த இருவரும் நோர்வேக்காரர்கள் என்பது எனக்கு இஞ்சை வந்த பிறகுதான் தெரியும். ஒருவர் கத்தோ குல்பர்க், கணிதம் தெரிந்தவர். மற்றவர் பீட்டர் வோகெ, இரசாயனம் தெரிந்தவர்.

வோகெ 1833 ஜூன் 29இல் பிறந்தார். நோர்வேயின் தென்மேற்குக் கரையில், பிளெக்கபியோர்டுக்கு அருகே உள்ள ஹித்ரா தீவில் வளர்ந்தார். பரம்பரையாகக் கடலோடிகள். தகப்பன் கப்பல் தலைவர், கப்பல் சொந்தக்காரர். அவர் பெரும்பாலும் கடலில் இருந்தபடியால் தாய்தான் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர். மகனும் கப்பலுக்குப் போவான் என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். பெடியனின் கெட்டித்தனத்தைக் கண்ட ஆசிரியர்கள் அவனைப் படிக்க விடச் சொன்னார்கள். வல்வெட்டித்துறையிலும் பருத்தித்துறையிலும் இப்படிப் படிப்புக்குத் திரும்பிய கடலோடி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்!

பெர்கனில் பள்ளிப் படிப்பு முடித்து, 1854இல் கிறிஸ்தியானியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இன்றைய ஒஸ்லோவுக்கு 1925 வரை அதுதான் பெயர். முதலில் படித்தது மருத்துவம். 1857இல் அதை விட்டு இரசாயனத்துக்கு மாறினார். டொக்டர் படிப்பை விடுவதெண்டால் எங்கட வீடுகளில் என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. ஆனால் அடுத்த வருடமே ஒரு ஆய்வுக் கட்டுரைக்காகப் பட்டத்து இளவரசரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. பின்னர் உதவிப் பணத்தில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போய், ஹைடல்பேர்க்கில் புகழ்பெற்ற புன்சனிடம் படித்துத் திரும்பினார். 1861இல் விரிவுரையாளர், 1866இல் பேராசிரியர்.

குல்பர்க்கும் அதே 1854இல் சேர்ந்தவர். இருவரும் ஒரு அமைச்சரின் இரு பெண்களை மணந்து சகலன்மார் ஆனார்கள். வோகெயின் மனைவி 1869இல் இறந்து போக, அடுத்த வருடம் அவர் குல்பர்க்கின் சகோதரியை மணந்தார். அதனால் சகலன் மச்சானும் ஆகி விட்டார்.

இனி அவர்களது வேலைக்கு வருவோம். ஒரு பொருள் இன்னொன்றோடு சேருவது அவற்றுக்கிடையே உள்ள நாட்டத்தைப் பொறுத்தது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். நாட்டம் கூடியது வெல்லும், குறைந்தது தோற்கும், அவ்வளவுதான். பிரான்சின் பெர்தொலே 1798இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன போது ஒரு உப்பு ஏரிக்கரையில் சோடியம் காபனேற்று படிந்திருக்கக் கண்டார். ஆய்வுகூடத்தில் சோடியம் காபனேற்றும் கல்சியம் குளோரைட்டும் சேர்ந்து சுண்ணாம்புக்கல்லும் கறியுப்பும் வரும். அங்கே அது தலைகீழாக நடந்திருந்தது. காரணம் உப்பின் மிகுதி. ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மிகுதியைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. நாட்டம் மட்டுமல்ல, அளவும் முக்கியம் என்றார் பெர்தொலே. ஆனால் அதைக் கணக்காக எழுத அவரால் முடியவில்லை.

அந்தக் கணக்கை எழுதியவர்கள்தான் இந்த மச்சான்மார். பேரியம் சல்பேற்றைப் பொற்றாசியம் காபனேற்றுக் கரைசலோடு சேர்த்து எவ்வளவு மாறுகிறது, பொற்றாசியம் சல்பேற்றைக் கூட்டினால் எவ்வளவு பின்னால் திரும்புகிறது என்று அளந்தார்கள். இப்படி ஏறக்குறைய 300 பரிசோதனைகள். 1864 மார்ச் 15இல் கிறிஸ்தியானியா விஞ்ஞானக் கழகத்தில் முடிவைப் படித்தார்கள். வோகெக்கு அப்போது 30 வயது, குல்பர்க்குக்கு 27.

சுருக்கம் இதுதான். தாக்கத்தின் வேகம், ஒரு கனவளவுக்குள் தாக்கிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, அதாவது செறிவு, என்பதைப் பொறுத்தது. இரண்டு பொருட்கள் ஒரே படியில் மோதிச் சேருகின்றன என்று வைப்போம். ஒன்றின் செறிவை இரட்டித்தால் வேகம் இரு மடங்கு, இரண்டையும் இரட்டித்தால் நாலு மடங்கு. விளைவுகளும் சும்மா இருப்பதில்லை, அவை திரும்பத் தாக்கிகளாக மாறும். முன்னால் போகும் வேகமும் பின்னால் வரும் வேகமும் சமனாகும்போது எல்லாம் நின்று விட்டது போலத் தெரியும். உண்மையில் ஒன்றும் நிற்கவில்லை.

பாரிஸில் 1862இல் வெளிவந்த ஒரு ஆய்வும் அவர்களுக்குக் கை கொடுத்தது. வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலத்தையும் அற்ககோலையும் சம மூல் அளவில் கலந்தால் மூன்றில் இரண்டு பங்குதான் மாறும். மற்றப் பக்கத்தில் இருந்து தொடங்கினாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். குளிரில் மாதக்கணக்காகும், சூடாக்கினால் விரைவில் முடியும். ஆனால் நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் உள்ள கணக்கைப் பின்னர் 1889இல் சுவீடனின் அரேனியஸ் சரியாக எழுதினார். பத்துப் பாகை கூடினால் பல தாக்கங்கள் இரு மடங்கு வேகமாகும். எங்கள் தொழிற்சாலையில் தொர்ஸ்க் மீனை ஐசை விட்டு எடுக்க விடாததும் இதற்காகத்தான். மீன் பழுதாவதும் இரசாயனத் தாக்கமே.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை உலகம் கவனிக்கவில்லை. காரணம் அது நோர்வேஜிய மொழியில் இருந்தது. 1867இல் பிரெஞ்சில் எழுதினார்கள். அப்போதும் பலர் கண்டு கொள்ளவில்லை. 1877இல் ஒல்லாந்தின் வான் ஹோவ் இவர்களை அறியாமல் தானாகவே அதே இடத்துக்கு வந்தார். 1879இல் ஜெர்மன் மொழியில் விரிவாக வெளியிட்ட பிறகுதான் விதி இவர்களுடையது என்று எங்கும் பரவியது. பதினைந்து வருடங்கள்!

வோகெ அதற்காக மூலையில் குந்தி அழவில்லை. ஏழைகளின் சாப்பாட்டில் அவருடைய கவனம் போனது. சீனி சேர்க்காமல் பாலை வற்றச் செய்து கெடாமல் வைக்கும் முறையைக் கண்டார். மீனைச் செறிந்த மாவாக்கிக் கப்பல்காரருக்கு உணவாக்கினார். கோழிக்குப் போடும் தீனல்ல, மனிதர் தின்னும் மா. தண்ணீரை எடுத்து விட்டால் பழுதாகும் வேகம் குறையும். எங்கட அம்மாமார் கருவாடு போடுவதும் அதே அறிவால்தான். விதி எழுதிய கையே மீன் மாவும் செய்தது என்று அறிந்த நாளில் இருந்து மீன் வெட்டும் என் வேலை எனக்கு அவ்வளவு பாரமாகத் தெரிவதில்லை.

1900 ஜனவரி 13இல் வோகெ காலமானார். இரசாயனத்துக்கான முதல் நோபல் பரிசு அடுத்த வருடம் வான் ஹோவுக்குக் கிடைத்தது. குல்பர்க் 1902இல் மறைந்தார். 1964இல், விதிக்கு நூறு வயதான போது, நோர்வே இருவருக்கும் முத்திரை வெளியிட்டது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தங்கள் மொழியில் எழுதியதற்காக வோகெயும் குல்பர்க்கும் வெட்கப்படவில்லை. அதே நேரம் மற்ற மொழிகளிலும் சொல்லாமல் விடவில்லை. எங்கட பிள்ளைகள் நோர்வேஜியனில் நல்லாகப் படிக்கட்டும். படித்ததை வீட்டில் தமிழில் ஒருக்கால் சொல்லிக் காட்டச் சொல்லுங்கோ. பிள்ளைக்குச் சொல் வராவிட்டால் நீங்கள் எடுத்துக் கொடுங்கோ. தாக்கிகளைப் போல மொழியும்தான். நெருங்கிப் புழங்கினால்தான் வேகம் வரும்.