பல்லாவரம் கல்லும் இமயமலைச் சரிவும்: யார் இந்த தாமஸ் ஹாலண்ட்?

உத்திரமேரூரில் இருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்றாவது எதிரே வரும். இந்த வட்டாரத்துக் குவாரிகளில் உடைபடும் கல்லை நாம் கருங்கல் என்கிறோம். கான்ட்ராக்டர்கள் புளூ மெட்டல் என்கிறார்கள். நிலவியலாளர்களைக் கேட்டால், காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கத்துக் கருங்கல்லில் முக்கியமான ஒரு வகைக்கு சார்னோக்கைட் என்று பெயர் சொல்வார்கள்.

உலகம் முழுக்க நிலவியல் பாடப் புத்தகங்களில் இருக்கும் இந்தப் பெயர் பிறந்தது பல்லாவரம் கல்லில் இருந்துதான். அதை வைத்தவர் தாமஸ் ஹென்றி ஹாலண்ட். கல்லுக்குப் பெயர் வைத்த அதே கையோடு, இமயமலையில் வரப்போகும் வெள்ளத்தைப் பற்றிய ஆய்விலும் இறங்கியவர். இன்றைக்கும் மலைச்சரிவு, அணை, வெள்ளம் என்று செய்தி வரும்போதெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டிய கதை அது.

கல்லறையில் கிடைத்த பெயர்

ஹாலண்ட் 1868-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தார். சுரங்கத் தொழிலுக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் அது. லண்டனில் படிப்பை முடித்துவிட்டு, 1890-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். தலைமையகம் கல்கத்தா. அப்போது அவருக்கு வயது 21.

கல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலயத்தில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை இருக்கிறது. 1690-ல் அந்த ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பைத் தொடங்கியவர் இவர். கல்கத்தாவோ வண்டல் மண் பூமி. தோண்டினால் களிமண் வருமே தவிர கருங்கல் வராது. அப்படின்னா கல்லறைப் பலகைக்கான கல் எங்கிருந்து வந்தது?

ஹாலண்ட் அதை ஆராய்ந்தார். சென்னையை ஒட்டிய பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் கிடைக்கும் கல்லோடு அது ஒத்துப்போனது. ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் கலந்த அந்தக் கல்வகைக்குத் தனிப்பெயர் இல்லாததால், சார்னாக்கின் பெயரையே 1893-ல் சூட்டினார்.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. பல்லாவரம் குன்று மட்டுமில்லை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, நீலகிரி, பழனி மலை எல்லாமே இதே கல் குடும்பம்தான் என்று விரிவாக எழுதி 1900-ல் வெளியிட்டார். காங்கேயம் பக்கத்துச் சிவன்மலைப் பாறைகளைப் பற்றித் தனி ஆய்வே செய்தார்.

இது எரிமலைக் கல்லா?

கருப்பாக இருப்பதால் பலர் அப்படி நினைப்பதுண்டு. ஆனா இல்லை. எரிமலைக் குழம்பு தரைக்கு மேலே வந்து குளிர்ந்தால் கிடைப்பது பசால்ட். மகாராஷ்டிரத்தின் தக்காணப் பாறைகள் அந்த வகை. சார்னோக்கைட் பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. மேலே இருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து போனதால்தான் இன்று கண்ணுக்குத் தெரிகிறது. பல்லாவரம் பக்கத்துக் கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். குழம்பு உறைந்து உருவான பாறை என்பது ஹாலண்டின் கருத்து. பழைய பாறை வெப்பத்தில் உருமாறியும் சார்னோக்கைட் ஆகும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள்.

கோனா ஏரி: நாள் குறித்துக் காத்திருந்த வெள்ளம்

சார்னோக்கைட்டுக்குப் பெயர் வைத்த அதே 1893-ம் ஆண்டு செப்டம்பரில், இமயமலையின் கார்வால் பகுதியில் கோனா என்ற கிராமத்தருகே மலையின் ஒரு பக்கமே சரிந்து பிரஹி கங்கை ஆற்றை அடைத்தது. சுமார் 900 அடி உயரத்துக்கு இயற்கையே கட்டிய அணை. பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கீழே அலக்நந்தா ஓரமாகக் கிராமங்கள், யாத்திரைப் பாதை, ஹரித்வார்.

நிலவியல் துறை ஹாலண்டை அனுப்பியது. வயது 25. மலை ஏன் சரிந்தது, இந்த அடைப்பு எப்படிப்பட்டது என்று அவர் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். பாறை அடுக்குகள் பள்ளத்தாக்கை நோக்கியே சாய்ந்திருந்தன. அடியில் இருந்த அடுக்கைத் தண்ணீர் பலவீனமாக்கியிருந்தது. தாங்கும் கால் தளர்ந்ததும் மேலே இருந்தது வழுக்கி வந்துவிட்டது.

ஏரி 1894 ஆகஸ்டில் நிரம்பி வழியும் என்று பொதுப்பணிப் பொறியாளர் புல்ஃபோர்டு கணக்கிட்டிருந்தார். அதன்படி ஏற்பாடுகள் நடந்தன. கோனாவில் இருந்து கீழே வரை தந்திக் கம்பி இழுத்தார்கள். வெள்ளம் எந்த உயரம் வரை வரலாம் என்று காட்டத் தூண்கள் நட்டார்கள். தொங்கு பாலங்களைக் கழற்றினார்கள். மக்களை மேட்டுக்கு அனுப்பினார்கள்.

1894 ஆகஸ்ட் 25 நள்ளிரவை ஒட்டி அணை உடைந்தது. சில மணி நேரத்தில் வெளியேறிய தண்ணீர் சுமார் 10 டிஎம்சி. நம் செம்பரம்பாக்கம் ஏரியின் மொத்தக் கொள்ளளவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். கார்வாலில் உள்ள ஸ்ரீநகர் அடித்துச் செல்லப்பட்டது. இறந்தவர்கள் 5 பேர். வெளியேற்றப்பட்ட பிறகும் திரும்பி வந்து தங்கிய ஒரு பக்கிரியின் குடும்பம் அது. ஊரைக் காப்பாற்ற முடியவில்லை, உயிர்களைக் காப்பாற்ற முடிந்தது.

உச்சமும் சறுக்கலும்

1903-ல் ஹாலண்ட் நிலவியல் துறையின் இயக்குநர் ஆனார். 1905 ஏப்ரல் 4-ல் காங்ரா நிலநடுக்கத்தில் சுமார் 20,000 பேர் இறந்தபோது துறை அவர் பொறுப்பில்தான் இருந்தது. சக அதிகாரி மிடில்மிஸ் அதை ஆராய்ந்து எழுதிய அறிக்கை இன்றும் பயன்படுகிறது.

பிறகு மான்செஸ்டரில் பேராசிரியர் வேலை. 1916-ல் இந்தியத் தொழில் ஆணையத்தின் தலைவராகத் திரும்பி வந்தார், அடுத்து போர்த் தளவாட வாரியத் தலைவர், வைஸ்ராய் சபை உறுப்பினர். அங்கேதான் சறுக்கினார். தளவாட மோசடி வழக்கு ஒன்றைத் திரும்பப் பெற்றது பெரும் சர்ச்சையாகி, 1921-ல் பதவி விலகினார். அதன் பின் லண்டன் இம்பீரியல் கல்லூரி, எடின்பரோ பல்கலைக்கழகம் இரண்டுக்கும் தலைமை வகித்தார். இந்தியா விடுதலை பெற மூன்று மாதம் இருக்கையில், 1947 மே 15-ல் காலமானார்.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

கோனாவில் மிச்சமிருந்த ஏரி 1970 வெள்ளத்தில் போய்விட்டது. அதே சமோலி மாவட்டத்தில் 2021 பிப்ரவரியில் ரிஷிகங்கை வெள்ளம் வந்தபோது முன்னெச்சரிக்கை இல்லை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 200 பேருக்கும் மேல்.

நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. ஹாலண்ட் எழுதிய நீலகிரிச் சார்னோக்கைட், மழையில் ஊறி ஊறித் தடித்த மண்ணாக மாறும். 2009 நவம்பரில் பெருமழையில் அங்கே மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2015-ல் செம்பரம்பாக்கம் திறந்தபோது எச்சரிக்கை முறையாக வந்ததா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

1894-ல் இருந்தது ஒரு தந்திக் கம்பியும் சில தூண்களும்தான். ஆனா தகவல் கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்தது. இப்போது கையில் செயற்கைக்கோளும் செல்போனும் இருக்கு. அந்தக் கடைசி வீட்டுக்கு இன்றும் தகவல் போகிறதா என்பதுதான் கேள்வி.