வேலை பறிபோன காலத்தில் ஏ.ஈ. குணசிங்க

வெள்ளவத்தையில் காலி வீதியின் இருமருங்கிலும் புடவைக்கடைகள் வரிசையாக நிற்கின்றன. இந்தியாவிலிருந்து வந்திறங்கும் சேலைகளும் துணிவகைகளும் அங்கே விற்பனையாகின்றன. இதே வெள்ளவத்தையில் ஒரு காலத்தில் துணி நெய்யப்பட்டது என்பதை இளைய தலைமுறையினரில் பலர் அறியார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கிய வெள்ளவத்தை நூற்பு, நெசவு ஆலை இத்தீவின் மிகப்பெரிய நெசவாலையாக விளங்கியது. ஊர்மக்கள் அதனைச் சுருக்கமாக மில் என்றே அழைத்தனர். இலங்கையில் நவீன தொழிற்சங்க இயக்கத்தைக் கட்டியெழுப்பிய ஏ.ஈ. குணசிங்கவின் பெருமை சரியத் தொடங்கியதும் அந்த மில்லின் வாயிலில்தான். அவருடைய வாழ்க்கையை இன்று மீட்டுப் பார்ப்பது தமிழ், முஸ்லிம் மக்களாகிய நமக்குப் பயன்தரும் எனக் கருதுகின்றோம்.

அலெக்சாண்டர் ஏக்கநாயக்க குணசிங்க 1891ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதி கண்டியில் பிறந்தார். உலகத் தொழிலாளர் தினமாகிய மே தினத்தில் அவர் பிறந்தது தற்செயலே. பெருநிலக்கிழார்களும் கறுவாத்தோட்டக் கனவான்களும் அரசியல் செய்த அக்காலத்தில், அந்த வட்டத்திற்கு வெளியே இருந்து வந்தவர் அவர். காந்தியடிகளின் போராட்ட முறை அவரைக் கவர்ந்தது. அநகாரிக தர்மபாலவின் சிங்கள பௌத்த எழுச்சியும் அவரைக் கவர்ந்தது. இவ்விரண்டும் ஒரே மனத்தில் நெடுங்காலம் ஒத்துவாழ இயலாதவை என்பது நமது கருத்து. ஆனால் இளமையில் அவருக்கு அந்த முரண்பாடு புலப்பட்டதாகத் தெரியவில்லை.

1915ஆம் ஆண்டில் விக்டர் கொரியா முதலியோருடன் இணைந்து இளம் இலங்கையர் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். அதே ஆண்டின் மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட சிங்கள முஸ்லிம் கலவரம் விரைவில் கொழும்புக்கும் பிற இடங்களுக்கும் பரவியது. உலகப் போரின் காரணமாக அப்போது உணவுப்பொருள்களின் விலை ஏறியிருந்தது. போரும் கப்பல் தட்டுப்பாடும் விளைவித்த அந்த விலையேற்றத்திற்கு, மூலைக்கு மூலை கடை நடத்திய கரையோர முஸ்லிம்களே குற்றவாளிகளாகக் காட்டப்பட்டனர். கடைகள் கொள்ளையிடப்பட்டன, உயிர்கள் பறிபோயின. பிரித்தானிய அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து சிங்களத் தலைவர்கள் பலரைக் கைது செய்தது. அவர்களுள் குணசிங்கவும் ஒருவர். சேர். பொன்னம்பலம் இராமநாதன் அத்தலைவர்களுக்காக வாதாடியமை முஸ்லிம் மக்களின் மனத்தில் ஏற்படுத்திய வடுவைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

விடுதலையான பின்னர் அவர் கையிலெடுத்த முதற் பெரும் போராட்டம் தலைவரிக்கு எதிரானது. ஏழை, செல்வந்தர் என்ற பேதமின்றி ஆண்கள் அனைவரிடமும் ஆண்டுக்கு இரண்டு ரூபாய் அறவிடப்பட்டது. பணம் கட்ட இயலாதவர்கள் வீதி வேலை செய்ய வேண்டும். அதனைக் கட்ட மறுத்து விக்டர் கொரியா சிறை சென்றார். 1920களின் தொடக்கத்தில் அவ்வரி ஒழிந்தது.

1922ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கைத் தொழிற்சங்கம் உதயமாயிற்று. மறு ஆண்டே புகையிரதத் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏனைய இடங்களுக்கும் பரவி, ஏறத்தாழ 20,000 தொழிலாளர் பங்குகொண்ட பொது வேலைநிறுத்தமாக மாறியது. அது முழுவெற்றி பெறவில்லை. ஆயினும் கூலிகள் என்று இகழப்பட்டவர்கள் ஒன்றுகூடினால் தலைநகரம் நின்றுபோகும் என்பதைக் கொழும்பு முதன்முறையாகக் கண்டது. 1927இல் துறைமுகத் தொழிலாளர் 13,000 பேர் வேலையை நிறுத்தினர். நிலக்கரி சுமந்தவர்களிலும், கப்பலிலிருந்து மூடை இறக்கியவர்களிலும், புறக்கோட்டை நாட்டாமைகளிலும் சிங்களவர் இருந்தனர். தமிழர், மலையாளிகள், முஸ்லிம்களும் இருந்தனர். அவர்கள் அனைவரும் குணசிங்கவைத் தம் தலைவராக ஏற்றனர். தஞ்சாவூரிலிருந்து வந்து பத்திரிகையாளராகப் புகழ்பெற்ற கோ. நடேசய்யர் அச்சங்கத்தில் அவருக்கு அடுத்த நிலையில் நின்று பணியாற்றினார். பிற்காலத்தில் மலையகத் தொழிலாளரின் முதற் தொழிற்சங்கத்தை அமைத்த நடேசய்யர், அத்தொழிலைப் பயின்ற பாசறை குணசிங்கவின் சங்கமே.

1928இல் இலங்கைத் தொழிற்கட்சி பிறந்தது. 1929 பெப்ரவரியில் டிராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிராண்ட்பாஸ், பொரளைப் பாதைகளில் ஓடிய டிராம் வண்டிகள் பூஸ்டட் கம்பனிக்குச் சொந்தமானவை. மருதானையில் கூட்டம் பொங்கியெழுந்து பொலிஸ் நிலையத்தைத் தாக்கித் தீயிட்டது. பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அதன் விளைவாக அதே ஆண்டில் முதலாளிமார் சம்மேளனம் குணசிங்கவின் சங்கத்தை அங்கீகரித்துக் கூட்டு உடன்படிக்கை செய்துகொண்டது.

வாக்குரிமை விடயத்திலும் அவரது பங்கை மறைப்பது நேர்மையாகாது. டொனமூர் ஆணைக்குழுவின் முன்னர் நமது தலைவர்களுட்படப் பெரும்பாலான கனவான்கள் படித்தோருக்கும் சொத்துடையோருக்கும் மட்டுமே வாக்கு வேண்டும் என நின்றபோது, வயது வந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கோரியவர்களில் குணசிங்கவின் இயக்கம் முன்னணியில் நின்றது. இராமநாதன் அதனைக் கடுமையாக எதிர்த்தார். 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தபோது குணசிங்க மத்திய கொழும்பிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவ்வேளை அவருக்கு வயது 40. அவரது வாழ்வின் உச்சம் அதுவே.

வீழ்ச்சி வெளியிலிருந்து வந்தது. 1929 அக்டோபரில் நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்ததைத் தொடர்ந்து உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியது. அமெரிக்காவில் மோட்டார் கார் வாங்குவோர் குறைந்தனர். காருக்கு டயர் வேண்டியிருக்கவில்லை. டயருக்கு வேண்டிய நமது இறப்பரை வாங்க ஆளில்லாமற் போயிற்று. டிட்ரோய்ட் நகரின் கார்த் தொழிற்சாலை வாயிலில் வேலையிழந்து நின்றவனும், இறப்பர் தோட்டத்திலிருந்து கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்டவனும், ஏற்றுமதிப் பெட்டிகள் குறைந்ததனால் கொழும்புத் துறைமுகத்தில் வேலையின்றி நின்ற நாட்டாமையும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். சங்கத்திடம் உதவி கேட்டு வந்த தொழிலாளிக்கு இச்சங்கிலியை விளக்குவது எளிதன்று. கூட்டு உடன்படிக்கையால் வேலைநிறுத்தம் செய்யும் கையும் ஓரளவு கட்டப்பட்டிருந்தது. ஆட்குறைப்பையும் சம்பளக் குறைப்பையும் தடுக்க முடியாத நிலையில் குணசிங்க வேறொரு விடையைக் கண்டுபிடித்தார். அந்த விடை மலையாளி.

கொழும்பில் அந்நாளில் மலையாளிகள் பெருந்தொகையினராக இருந்தனர். மிகப்பெரும்பாலானோர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனித்து வந்த ஆண்கள். மில்லிலும் துறைமுகத்திலும் தேநீர்க்கடைகளிலும் கள்ளுத் தோப்புகளிலும் குறைந்த கூலிக்கு உழைத்து, மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பினர். குறைந்த கூலியை நிர்ணயித்தவர் முதலாளி. ஆனால் குணசிங்கவின் வீரய பத்திரிகையும் மேடைகளும் குற்றஞ்சாட்டியது அக்கூலியை வாங்கியவனை. அவனது கடையைப் பகிஷ்கரிக்குமாறும், அவனை வேலையிலிருந்து நீக்கிச் சிங்களவருக்கு இடமளிக்குமாறும் பிரசாரம் நடந்தது. 1920களின் இறுதியிலேயே பிணக்குற்று நடேசய்யர் விலகிவிட்டிருந்தார். அவரது விலகலை வெறும் பதவிப் போட்டியாகக் காண்போர் உளர். பின்னர் நிகழ்ந்தவற்றைப் பார்க்கும்போது அது போதுமான விளக்கமாக நமக்குத் தோன்றவில்லை.

1933இன் தொடக்கத்தில் வெள்ளவத்தை மில் நிர்வாகம் சம்பளத்தைக் குறைத்தது. தொழிலாளர் வெளியேறினர். அவர்களில் பெரும்பான்மையோர் இந்தியர், அதிலும் மலையாளிகள். சிங்களத் தொழிலாளரும் அவர்களுடன் நின்றனர். லண்டனில் கல்வி முடித்துத் திரும்பிய இளம் சட்டத்தரணி கொல்வின் ஆர்.டி சில்வா அவர்களுக்குத் தலைமை தாங்கினார். நிர்வாகத்திற்கு எதிராக நின்றிருக்க வேண்டிய குணசிங்க, வேலைநிறுத்தத்தை முறியடிப்பதற்குச் சிங்களத் தொழிலாளரைத் திரட்டினார். 1923இல் வேலைநிறுத்தம் செய்யக் கற்பித்தவர், பத்தாண்டுகளில் அதனை உடைக்க ஆள் அனுப்பியவரானார். அவரது வாழ்க்கையில் வேறு எந்த நிகழ்வையும் விட இதுவே நம்மைத் திகைக்க வைக்கின்றது. அவ்வேலைநிறுத்தத்தில் தோளோடு தோள் நின்ற இளைஞர்கள் பிலிப் குணவர்த்தன, என்.எம். பெரேரா முதலியோருடன் சேர்ந்து 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். நகரத் தொழிலாளரின் தலைமை படிப்படியாக அவர்களிடம் சென்றது.

மில்லின் உண்மையான நெருக்கடி எங்கிருந்து வந்தது? உலகச் சந்தையிலிருந்து வந்தது. அக்காலத்தில் ஜப்பானிய மலிவுத் துணி ஆசியச் சந்தைகளை நிறைத்தது. 1934இல் பிரித்தானிய அரசு ஜப்பானியத் துணிக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு விதித்தது. ஏழைகள் துணி வாங்க முடியாமற் போகும் என அரசாங்க சபை மறுத்த போதிலும், லங்காஷயர் ஆலைகளின் நலனுக்காக அக்கட்டுப்பாடு லண்டனிலிருந்து நேரடியாகத் திணிக்கப்பட்டது. இவ்விளையாட்டில் மலையாளித் தொழிலாளியின் பங்கு ஒன்றுமில்லை.

இதே நாடகம் அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் அரங்கேறியது. 1973இன் எண்ணெய் விலையேற்றத்திற்குப் பின்னர் குறைந்த எண்ணெயில் ஓடும் ஜப்பானியச் சிறுகார்களை மக்கள் விரும்பினர். பெருங்கார்களையே நம்பியிருந்த டிட்ரோய்ட் கம்பனிகள் ஆட்களை நிறுத்தின. தொழிற்சாலைகள் தொழிற்சங்கம் வலுவற்ற தென் மாநிலங்களுக்கும் மெக்சிக்கோவுக்கும் நகர்ந்தன. எஞ்சிய இடங்களில் இயந்திரக் கரங்கள் வந்தன. தொழிலாளர் கூட்டங்களில் ஜப்பானியக் கார்கள் சம்மட்டியால் உடைக்கப்பட்டன. 1982 ஜூனில் டிட்ரோய்ட்டில் வின்சென்ட் சின் என்ற இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். கொன்றவர்களில் ஒருவர் கார்த் தொழிற்சாலை மேற்பார்வையாளர், மற்றவர் வேலையிழந்தவர். கொல்லப்பட்டவர் ஜப்பானியர் அல்லர், சீன வம்சாவளியினர். கொன்றவர்கள் சிறை செல்லவில்லை. நன்னடத்தைப் பிணையும் அபராதமும் மட்டுமே விதிக்கப்பட்டன. வேலைகள் திரும்பவில்லை. 1950இல் பதினெட்டரை இலட்சமாக இருந்த அந்நகரின் மக்கள் தொகை 2010இல் ஏறத்தாழ 7,14,000 ஆகச் சுருங்கியது. 2009இல் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியும், 2013இல் அந்நகரமே கூடவும் வங்குரோத்து அடைந்தன.

கொழும்பில் மலையாளிக்கு எதிராக மூட்டப்பட்ட நெருப்பு மலையாளியோடு நிற்கவில்லை. 1939இல் இலங்கை அரசு தனது திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளரை விலக்கத் தீர்மானித்தது. அதனைத் தடுக்க இந்தியாவிலிருந்து ஜவஹர்லால் நேரு இங்கு வந்து பேசியும் பலன் கிட்டவில்லை. அவரது வருகையின்போதே, ஜூலை 25ஆம் திகதி, இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. கொழும்பில் வேலைவாய்ப்புப் பெருகியதற்கு இவ்விலக்கல் காரணமன்று. இரண்டாம் உலகப் போர் மூண்டு, துறைமுகமும் படைத்தளங்களும் ஆட்களைத் தேடி அலைந்த பின்னரே வேலையில்லாத் திண்டாட்டம் நீங்கியது.

குணசிங்க 1940களின் தொடக்கத்தில் கொழும்பு மாநகர முதல்வராக இருந்தார். 1947 பொதுத்தேர்தலில் மூன்று அங்கத்தவர்களைக் கொண்ட மத்திய கொழும்பில் ரீ.பி. ஜாயா, பீட்டர் கெனமன் ஆகியோருடன் அவரும் தெரிவானார். முஸ்லிம் வாக்காளர் பெருமளவில் வாழும் அத்தொகுதியில் அவருக்கு இன்னமும் செல்வாக்கு இருந்தது என்பதற்கு அது சான்று. ஆனால் நாடாளுமன்றத்தில் அவர் டி.எஸ். சேனநாயக்கவின் ஆளுந்தரப்புடன் இணைந்துகொண்டார். 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தின் மூலம் மலையகத் தமிழ்த் தொழிலாளர் இலட்சக்கணக்கில் நாடற்றவராக்கப்பட்ட அரசாங்கம் அதுவே. பின்னர் வெளிநாட்டுத் தூதுவர் பதவியும் அவரைத் தேடி வந்தது.

மில்லின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். பார்சி சமூகத்தைச் சேர்ந்த கப்டன் குடும்பத்தாரிடம் நெடுங்காலம் இருந்த அது, 1977இல் இறக்குமதிக் கதவுகள் அகலத் திறக்கப்பட்டதன் பின்னர் உள்ளூர் நெசவுத் தொழில் நலிவுற்ற காலத்தில் மூடப்பட்டது. கைகாட்டுவதற்கு அப்போது கொழும்பில் மலையாளித் தொழிலாளர் கூட்டம் இருக்கவில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தைத் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2013 மார்ச்சில் பெப்பிலியானையில் தாக்கப்பட்டது முஸ்லிம் ஒருவரின் ஆடை விற்பனை நிலையம். அதற்கு முன்னரும் பின்னரும் முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கக் கோரும் துண்டுப்பிரசுரங்களை நாம் கண்டோம். அவற்றின் மொழி, மலையாளித் தேநீர்க்கடைக்கு எதிராக 1930களில் எழுதப்பட்டதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை.

குணசிங்க 1967ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி காலமானார். அவரது தொழிற்கட்சியில் இளைஞராக அரசியலைத் தொடங்கிய ரணசிங்க பிரேமதாச பின்னர் நாட்டின் ஜனாதிபதியானார். கட்சி மறைந்துவிட்டது. கொழும்பு பன்னிரண்டில் குணசிங்கபுர என்ற பெயர் நிலைத்திருக்கின்றது. மலையகத்திற்குச் செல்லும் தனியார் பஸ்கள் புறப்பட்டு வந்த இடம் அது. தலைநகரில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் தோட்டப்புற இளைஞர்கள் தீபாவளிக்கு ஊர் செல்ல அங்கேதான் வரிசையில் நின்றார்கள்.