வேலையில் கை போனால் சம்பளம் யார் தருவது? வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, சட்டம் எழுதிய கிரிஸ்டல் ஈஸ்ட்மேனின் கதை

1911 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு சட்டத்தை ரத்து செய்தது. ஆபத்தான வேலையில் ஒரு தொழிலாளி அடிபட்டால், தப்பு யாருடையது என்று பார்க்காமல் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று சொன்ன சட்டம் அது.

மறுநாள் சனிக்கிழமை. மாலை வேலை முடியும் நேரம். நியூயார்க் நகரில் பெண்களுக்கான சட்டை தைக்கும் ட்ரையாங்கிள் ஆலையில் தீப்பிடித்தது. 146 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள், பிழைப்புக்காக ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

வெள்ளிக்கிழமை ரத்தான சட்டத்தை எழுதியவர் ஒரு இளம் வழக்கறிஞர். பெயர் கிரிஸ்டல் ஈஸ்ட்மேன். அப்போது அவருக்கு வயது 29.

இன்று உலகின் பல நாடுகளில், வேலையில் அடிபட்டவர் முதலாளியின் தப்பை நிரூபிக்காமலே இழப்பீடு கேட்க முடிகிறது. இது ரொம்ப இயல்பான விஷயமாகத் தெரியும். ஆனால் அமெரிக்காவில் இது சும்மா கிடைக்கவில்லை. அதற்காக உழைத்தவர்களில் ஈஸ்ட்மேன் முக்கியமானவர்.

அம்மாவும் பாதிரியார்

1881 ஜூன் 25-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர் கிரிஸ்டல். அப்பா, அம்மா இருவருமே கிறிஸ்தவ சபையின் போதகர்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் போதகராக இருப்பது அபூர்வம். பெண் என்பதால் ஒரு வேலை செய்யக் கூடாது என்ற பேச்சே இல்லாத வீட்டில் வளர்ந்தார்.

சின்ன வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சலில் அவருடைய அண்ணன் இறந்துவிட்டான். கிரிஸ்டல் பிழைத்தார். ஆனால் உடல்நலக் கோளாறு கடைசி வரை அவரை விடவில்லை.

1903-ல் வாசர் கல்லூரியில் பட்டம். 1904-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதுகலை. 1907-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சட்டம். சட்டப் படிப்பில் வகுப்பிலேயே இரண்டாம் இடம். அப்புறம்தான் வாழ்க்கையைத் திருப்பிய வேலை வந்தது.

பிட்ஸ்பர்க்: இறந்தவர் வீட்டுக் கதவைத் தட்டியவர்

அமெரிக்காவின் எஃகு உற்பத்திக்குப் பெயர்போன ஊர் பிட்ஸ்பர்க். அங்கே தொழிலாளர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு 1907-ல் தொடங்கியது. அதை நடத்தியவர் பால் கெல்லாக். வேலையிட விபத்துகள் பற்றிய பகுதியை அவர் ஈஸ்ட்மேனிடம் ஒப்படைத்தார்.

ஈஸ்ட்மேன் என்ன செய்தார்? பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகெனி மாவட்டத்தில் மரண விசாரணை அதிகாரியின் பதிவேடுகளை எடுத்தார். 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரை, 12 மாதத்தில் வேலையிடத்தில் இறந்தவர்களை எண்ணினார். 526 பேர். இதில் 195 பேர் எஃகு ஆலைத் தொழிலாளர்கள். 125 பேர் ரயில்வே. 71 பேர் சுரங்கம். மீதிப் பேர் மற்ற வேலைகளில் இருந்தவர்கள்.

எண்ணியதோடு நிறுத்தவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடிப் போய் விசாரித்தார்கள். விபத்து எப்படி நடந்தது, கம்பெனி எவ்வளவு கொடுத்தது, வாடகை யார் கட்டுகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, இல்லை வேலைக்குப் போய்விட்டார்களா... எல்லாம் பதிவானது.

வந்த விடை கசப்பானது. கம்பெனிகள் கொடுத்த தொகை தெரியவந்த குடும்பங்களில் பாதிக்கும் மேல், 100 டாலரோ அதற்கும் குறைவோதான் பெற்றிருந்தன. ஒரு டாலர்கூட வாங்காத குடும்பங்களும் நிறைய. இறந்தவர்களில் பெரும்பாலோர் 40 வயதைத் தாண்டாதவர்கள். அதாவது வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வயது.

இறந்தவர்கள் கணக்கு இது. அடிபட்டுப் பிழைத்தவர்கள்? அதற்கு மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்த்தார். மூன்றே மாதத்தில் 509 பேர் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அதை வைத்து ஆண்டுக் கணக்குப் போட்டார். அந்த ஒரு மாவட்டம் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 500 பேரை நிரந்தர ஊனத்தோடு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு காலை இழந்தவர்கள் 45 பேர், ஒரு கண்ணை இழந்தவர்கள் 70 பேர் என்று அவர் போட்ட பட்டியல், ஒரு ஆலையின் உற்பத்திக் கணக்கு மாதிரியே இருந்தது. எஃகோடு சேர்ந்து இதுவும் அந்த ஊரில் உற்பத்தியாகிறது என்பதுதான் அதன் அர்த்தம்.

1910-ல் இந்த ஆய்வு புத்தகமாக வந்தது. வேலையிட விபத்துகளும் சட்டமும் என்பது அதன் தலைப்பின் பொருள்.

சரி, கேஸ் போடலாமே?

போடலாம். ஆனால் ஜெயிப்பது குதிரைக்கொம்பு. அன்றைய சட்டப்படி, முதலாளியின் கவனக்குறைவால்தான் அடிபட்டது என்று தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். முதலாளி தப்பிக்க மூன்று வழி இருந்தது.

ஒன்று, தொழிலாளியிடமும் கொஞ்சம் கவனக்குறைவு இருந்தது என்று காட்டுவது. கொஞ்சம் இருந்தாலே போதும், கேஸ் போச்சு.

இரண்டு, ஆபத்து தெரிந்துதானே வேலைக்குச் சேர்ந்தாய் என்பது. ஆபத்தான வேலைக்குச் சம்பளம் வாங்கியதே அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டதற்குச் சமம் என்றது சட்டம்.

மூன்று, தப்பு செய்தது உன்கூட வேலை பார்க்கிற இன்னொரு தொழிலாளி, நான் இல்லை என்பது. 1842-ல் மாசசூசெட்ஸில் வந்த ஒரு தீர்ப்பு இதற்குப் பேர்போனது. ரயில் இன்ஜின் ஓட்டுநர் ஒருவர், தண்டவாளத்தை மாற்றிவிடும் ஊழியர் செய்த தவறால் வலது கையை இழந்தார். கேஸ் போட்டார். தோற்றார். கூட வேலை செய்பவரின் தவறுக்கு ரயில்வே கம்பெனி பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பத்துப் பேர் வேலை செய்கிற பட்டறையில், யார் கவனமானவர், யார் கவனமில்லாதவர் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியலாம். ஆயிரக்கணக்கானவர்கள் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிற எஃகு ஆலையில்? எங்கோ மேலே கிரேன் ஓட்டுபவரின் முகத்தைக்கூடக் கீழே நிற்பவர் பார்த்திருக்க மாட்டார். சட்டம் மட்டும் பழைய பட்டறைக் காலத்திலேயே நின்றுவிட்டது.

ஈஸ்ட்மேன் கேள்வியை மாற்றினார். யாருடைய தப்பு என்பதை விடுங்கள். இவ்வளவு இயந்திரம், இவ்வளவு வேகம் என்று ஓடுகிற தொழிலில் விபத்து நடக்கத்தான் செய்கிறது. அந்த நஷ்டத்தை யார் சுமப்பது? இப்போது முழுவதையும் சுமப்பது தொழிலாளியின் குடும்பம். இயந்திரம் உடைந்தால் பழுது பார்க்கும் செலவு தொழிலின் கணக்கில் சேர்கிறது. மனிதர் உடைந்தாலும் அப்படித்தான் சேர வேண்டும் என்பது அவருடைய வாதம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு விபத்துக்கும் கம்பெனி காசு கொடுக்க வேண்டும் என்றால், இயந்திரத்துக்குத் தடுப்பு போடுவதுதான் மலிவு என்று கம்பெனிக்கே புரியும். ஈஸ்ட்மேனுக்கு இழப்பீட்டைவிட விபத்தைத் தடுப்பதுதான் பெரிது.

இந்த யோசனை புதுசில்லை. ஜெர்மனியில் 1884-லேயே விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. பிரிட்டனில் 1897-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அமெரிக்காதான் பின்தங்கி இருந்தது.

சட்டம் வந்தது, போனது

1909-ல் நியூயார்க் ஆளுநர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், இதை ஆராய ஒரு ஆணையத்தில் ஈஸ்ட்மேனை நியமித்தார். அதில் ஒரே பெண் அவர்தான். செயலாளரும் அவரே. சட்டத்தின் வரைவு உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1910-ல் சட்டம் நிறைவேறியது.

அதில் என்ன இருந்தது? ரயில்வே, சுரங்கப்பாதை, உயரக் கட்டுமானம், வெடிமருந்து மாதிரி எட்டு வகை ஆபத்தான வேலைகளுக்கு மட்டும் அது பொருந்தும். அடிபட்டு வேலை செய்ய முடியாமல் போனால், முதல் இரண்டு வாரத்துக்கு ஒன்றும் கிடையாது. அதன் பிறகு பாதிச் சம்பளம், வாரத்துக்கு அதிகபட்சம் 10 டாலர், எட்டு ஆண்டு வரை. தாராளம் என்று சொல்ல முடியாது. ஆனால் தப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. அதுதான் புரட்சி.

ஒரு ரயில்வே தொழிலாளி அடிபட்டு, சில வாரம் வேலைக்குப் போக முடியாமல் இந்தச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்டார். எதிர்த் தரப்பு சவுத் பஃபலோ ரயில்வே. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. எந்தத் தப்பும் செய்யாத முதலாளியிடம் காசு வாங்குவது, உரிய சட்டமுறை இல்லாமல் அவருடைய சொத்தைப் பறிப்பதற்குச் சமம் என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சட்டம் செத்தது. அந்த நாள்தான் 1911 மார்ச் 24.

மறுநாள் ட்ரையாங்கிள் தீ. ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: ரத்தான சட்டம் உயிரோடு இருந்திருந்தாலும் அந்தப் பெண்களின் குடும்பங்களுக்கு உதவியிருக்காது. தையல் ஆலை அந்த எட்டு வகைப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் பழைய சட்டத்தின் லட்சணம் என்ன என்பதை அந்தத் தீ ஊருக்கே காட்டியது. ஆலை உரிமையாளர்கள் இருவரும் குற்ற வழக்கில் விடுதலை ஆனார்கள். 1914-ல் சிவில் வழக்கு முடிந்தபோது, வழக்குப் போட்ட குடும்பங்களுக்குக் கிடைத்தது ஒரு உயிருக்கு 75 டாலர்.

அரசியல் சட்டத்தையே மாற்றினார்கள்

நீதிமன்றம் தடுத்தால் என்ன செய்வது? நியூயார்க் மக்கள் 1913 நவம்பரில் வாக்களித்து, மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். 1914-ல் புதிய இழப்பீட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது. 1917-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஈஸ்ட்மேன் கணக்கெடுத்த பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் 1915-ல் சட்டம் வந்தது. கடைசியாக வந்தது மிசிசிப்பி, 1948-ல்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. உறுதியாக ஒரு தொகை வரும். ஆனால் தொழிலாளி முதலாளி மேல் வழக்குப் போட்டுப் பெரிய தொகை கேட்கும் உரிமையைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தப் பேரம் நியாயமா, தொகை போதுமா என்ற விவாதம் அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை.

ஊரே எதிரானபோது

1911-ல் திருமணம் செய்து மில்வாக்கிக்குப் போன ஈஸ்ட்மேன், அங்கே பெண்கள் ஓட்டுரிமைப் போராட்டத்தில் இறங்கினார். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. விவாகரத்தின்போது ஜீவனாம்சம் வேண்டாம் என்றுவிட்டார். 1916-ல் வால்டர் ஃபுல்லரை மணந்தார். இரண்டு குழந்தைகள்.

முதல் உலகப் போரை எதிர்த்தார். போரை எதிர்த்தவர்களைக் காக்க 1917-ல் தொடங்கிய அமைப்பில் அவருக்குப் பங்கு உண்டு. 1920-ல் அதிலிருந்துதான் அமெரிக்க சிவில் உரிமைகள் சங்கம் உருவானது. தம்பி மேக்ஸ் ஈஸ்ட்மேனோடு சேர்ந்து லிபரேட்டர் என்ற பத்திரிகை நடத்தினார். 1923-ல் பெண்களுக்குச் சம உரிமை கேட்கும் அரசியல் சட்டத் திருத்த வரைவில் ஆலிஸ் பாலோடு கைகோத்தார்.

போருக்குப் பிறகு இடதுசாரிகள் மேல் அமெரிக்காவில் சந்தேகம் பரவியது. ஈஸ்ட்மேனுக்கு நிரந்தர வேலை கிடைப்பதே கஷ்டமானது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அலைந்து, கட்டுரை எழுதிப் பிழைத்தார். 1927-ல் கணவர் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் சிறுநீரக நோய் ஈஸ்ட்மேனையும் கொண்டுபோனது. வயது 47.

அதன் பிறகு அவர் பெயர் ரொம்ப காலம் பேசப்படவில்லை. 2000-ம் ஆண்டில்தான் அமெரிக்காவின் தேசியப் பெண்கள் புகழ் மன்றத்தில் இடம் கிடைத்தது.

நமக்கு என்ன சம்பந்தம்?

இந்தியாவுக்கு இந்தச் சட்டம் வந்த பாதை வேறு. பிரிட்டிஷ் சட்டத்தின் வழியில் 1923-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இங்கே நிறைவேறி, 1924 ஜூலை 1-ல் அமலானது. ஆனால் அடிப்படை அதேதான்: வேலையால், வேலை நேரத்தில் அடிபட்டதா என்பதே முதல் கேள்வி. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு, மற்றக் கண் நன்றாக இருந்து ஒரு கண் போனால் 40 சதவீதம் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை கணக்கு வைத்தது.

கண்ணுக்கு சதவீதம் போடுவது கேட்கக் கொடுமையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு வருவதற்கு முன்னால் இருந்தது என்ன? கணக்கே இல்லாத நிலை. பிட்ஸ்பர்க்கில் கை போனவர் வீட்டில் உட்கார்ந்தார், பிள்ளை வேலைக்குப் போனது, விஷயம் அத்தோடு முடிந்தது. எத்தனை பேர் என்று கேட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் அது சட்டத்தின் பிரச்சினையானது. கிரிஸ்டல் ஈஸ்ட்மேன் தட்டிய கதவுகளின் மதிப்பு அதுதான்.